'டிஎன்ஏ பாதுகாப்பு' என்று அச்சிட்ட சன்ஸ்கிரீன்: பாம்பன் கரையில் பூசிப் பார்த்து எழுதிய மதிப்பீடு

இராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் வாங்கிய 50 கிராம் சன்ஸ்கிரீன் டியூப்பைப் பற்றி எழுதுகிறேன். எஸ்பிஎஃப் 50 (தோலைச் சிவக்க வைக்கும் கதிரைத் தடுக்கும் அளவு), பிஏ என்ற எழுத்துகளுக்குப் பின் மூன்று கூட்டல் குறிகள் (புற ஊதா-ஏ கதிரைத் தடுக்கும் தரம்), கதிரை உறிஞ்சும் துத்தநாக ஆக்சைடும் ஆக்டினாக்சேட்டும் முதன்மைப் பொருள்கள், 80 நிமிடம் நீரைத் தாங்கும் என்ற உறுதி ஆகியவை பெட்டியில் உள்ளன. விலை 500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இவை எல்லாவற்றுக்கும் மேலே, முகப்பில் கொட்டை எழுத்தில் 'டிஎன்ஏ பாதுகாப்பு' என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இதே சேர்மானம் பல பெயர்களில் கடைகளில் கிடைப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறவள். என் மதினி பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்திலிருந்து கடலில் பாசி எடுக்கப் போகிறவர். இருவரும் இதைப் பூசிப் பார்த்தோம். முகம் வெளுக்குமா, எண்ணெய் வடியுமா என்பவற்றைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அந்தக் கொட்டை எழுத்து வாக்குறுதி எவ்வளவு தூரம் உண்மை என்பதையே நான் முதன்மையாகப் பார்க்க விரும்புகிறேன்.

இந்தக் கரையில் அது அலங்காரக் கேள்வி அல்ல. இராமேசுவரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 டிகிரியைச் சற்றே தாண்டிய இடத்தில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் மாதக் கடைசியிலும் சூரியன் பன்னிரண்டே கால் மணி வாக்கில் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நாட்களில் மேகம் இல்லாவிட்டால், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் கடுமையை அளக்கும் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது இங்கே அரிதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்றாலும் நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. பாசி எடுப்போரைத் தண்ணீர் காக்கும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 40 விழுக்காடு இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குப்புற மிதந்து பாறையைப் பார்த்தபடி வேலை செய்கிறவருக்கு முகத்தைவிடப் பிடரியும் காதின் பின்புறமும் தோள்பட்டையுமே வெயிலுக்கு நேராக இருக்கின்றன.

இனி வாக்குறுதிக்கு வருகிறேன். டிஎன்ஏ என்பது அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு வேதி 'எழுத்துகள்' வரிசையாக அமைந்த இரட்டை இழை. மனிதச் செல் ஒன்றின் டிஎன்ஏவை முழுவதும் நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே உட்கருவுக்குள் டிஎன்ஏ தனியே மிதப்பதில்லை. தூண்டில் நரம்பைக் கட்டையில் சுற்றி வைப்பதுபோல அது ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புரதங்களை ஆல்பிரெக்ட் கோசல் 1884-இல் கண்டறிந்தார்; எட்டு ஹிஸ்டோன்கள் கொண்ட அலகு திரும்பத் திரும்ப வருகிற அமைப்பை ரோஜர் கோர்ன்பெர்க் 1974-இல் முன்வைத்தார்; 1997-இல் படிக ஆய்வு அந்த அலகின் வடிவத்தை அணுக்களின் அளவில் காட்டியது. நான்கு வகை ஹிஸ்டோன்கள், வகைக்கு இரண்டாக எட்டு. அவற்றைச் சுற்றி 147 இணை எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ 1.65 சுற்று சுற்றியிருக்கிறது. இதற்கு நியூக்ளியோசோம் என்று பெயர். டிஎன்ஏ எதிர்மின் தன்மை உடையது, ஹிஸ்டோன்களில் நேர்மின் தன்மையுள்ள அமினோ அமிலங்களான லைசினும் ஆர்ஜினினும் நிறைந்திருக்கின்றன. ஆகவே ஒன்றை ஒன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. நியூக்ளியோசோம்கள் சில இடங்களில் தளர்வாகவும் சில இடங்களில் மிக நெருக்கமாகவும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெட்டிக்காரர் பாதுகாப்பதாகச் சொல்லும் பொருள், இப்படிப் புரதத்தோடு கட்டப்பட்ட டிஎன்ஏதான்.

இந்தக் கட்டு வெயிலைத் தடுக்காதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. புற ஊதா-பி கதிரைப் பொறுத்தவரை பெரிய அளவில் தடுப்பதில்லை. 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அந்தக் கதிரை டிஎன்ஏவின் எழுத்துகளே நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன; அப்போது ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்களோ, தைமினும் சைட்டோசினுமோ பக்கவாட்டில் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. நான்கு கார்பன் அணுக்கள் வளையமாகச் சேர்வது ஒரு வகை. 6-4 பிணைப்பு என்பது இன்னொரு வகை. இந்தப் பிணைப்பு உண்டானால் இழை அந்த இடத்தில் வளைந்து, எழுத்துகளைப் படிக்கிற நொதிகள் அங்கே இடறி நிற்கும். புரதக் கட்டு இதை நிறுத்தாவிட்டாலும் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. முதல் வகைப் பிணைப்புகள் நியூக்ளியோசோமின்மேல் சராசரியாக 10.3 எழுத்துகளுக்கு ஒருமுறை உச்சம் பெறும் ஒழுங்கில் உண்டாகின்றன என்று 1987-இலேயே அளந்திருக்கிறார்கள். டிஎன்ஏ முறுக்கிக்கொண்டே புரதத்தைச் சுற்றுவதால், இழை புரதத்தை விட்டு வெளிப்புறம் திரும்பும் இடங்களில் அவை மிகுதியாகவும் புரதத்தின்மேல் படிந்திருக்கும் இடங்களில் குறைவாகவும் இருக்கின்றன. 6-4 வகையோ இரண்டு நியூக்ளியோசோம்களுக்கு நடுவே உள்ள இணைப்புத் துண்டுகளில் அதிகம் விழுகிறது.

புற ஊதா-ஏ கதிரின் போக்கு வேறு. 315 முதல் 400 நானோமீட்டர் வரையிலான அது தோலுக்குள் ஆழமாகப் போகிறது. டிஎன்ஏவை நேரடியாகத் தாக்குவதைவிட, செல்லில் உள்ள பிற மூலக்கூறுகளைத் தூண்டி, வீரியமுள்ள ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கி, அவற்றின் வழியாகக் குவானின் எழுத்தை ஆக்சிஜனேற்றுகிறது. சில வேளை இழையையே அறுக்கிறது. இந்த வகைத் தாக்குதலில் புரதக் கட்டு உண்மையாகவே உதவுகிறது. நெருக்கமாக அடுக்கப்பட்ட பகுதிகளுக்குள் அந்த வீரிய மூலக்கூறுகள் எளிதில் புக முடிவதில்லை. ஆனால் அதே கட்டு மறுபக்கம் கெடுதலும் செய்கிறது. ஓர் எழுத்து உதிர்ந்து வெற்றிடம் உண்டானால், பக்கத்தில் இருக்கும் ஹிஸ்டோனின் லைசின் அந்த இடத்தோடு வினை புரிவதால், தனியே இருக்கும் டிஎன்ஏவில் ஆகும் நேரத்தைவிடப் பல மடங்கு விரைவில் இழை அங்கே அறுந்துபோகிறது. இடையில் சிறிது நேரம் புரதமே டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டும் நிற்கிறது. பாடநூல்களில் ஹிஸ்டோனைக் காவலாள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

பழுது பார்ப்பதில்தான் கட்டின் விளைவு மிகத் தெளிவாகத் தெரிகிறது, சன்ஸ்கிரீனின் மதிப்பும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. புற ஊதாவால் உண்டான பிணைப்பை நம் செல்கள் கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஏறக்குறைய 30 எழுத்து நீளமுள்ள துண்டை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்புகின்றன. இந்த வழியை விளக்கியதற்காக அஜீஸ் சான்ஜார் 2015-இல் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் வெட்டுகிற நொதிகள் உள்ளே வர இடம் வேண்டும். அதற்காக ஹிஸ்டோன்களில் வேதிக் குறிகள் இடப்பட்டு, நியூக்ளியோசோம் நகர்த்தப்பட்டோ தளர்த்தப்பட்டோ, வேலை முடிந்தபின் மீண்டும் கட்டப்பட வேண்டும். தளர்வான, பயன்பாட்டில் உள்ள மரபணுக்களில் இது விரைவாக முடிகிறது. இறுக்கமான பகுதிகளில் தாமதமாகிறது. இழையைப் பெரிதும் வளைக்கும் 6-4 வகை பெரும்பாலும் சில மணி நேரத்தில் நீக்கப்பட்டுவிட, வளைய வகைப் பிணைப்புகளில் ஒரு பங்கு மறுநாளும் அப்படியே இருக்கிறது. மறுநாள் காலையில் மதினி மறுபடியும் கடலுக்குப் போகிறார். முந்தைய நாளின் பாக்கி தீராமலே அன்றைய கணக்கு அதன்மேல் ஏறுகிறது. பிணைப்பு நீங்காமலே செல் பிரிந்தால், சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் எழுதப்படுகிற பிழை நிலைத்துவிடும். தோல் புற்றுநோய்களில் வெயிலின் கைரேகையாக அறியப்படுவது இதுவே.

இன்னொரு செய்தியையும் சேர்க்க வேண்டும். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்களில், புற ஊதா-ஏ கதிர் நின்ற பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேலாக இருட்டிலேயே புதிய பிணைப்புகள் உண்டாகிக்கொண்டிருக்கின்றன என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. தூண்டப்பட்ட மெலனின் துண்டுகள் தம் ஆற்றலை டிஎன்ஏவுக்குக் கைமாற்றுவதே காரணம். ஆகவே கரையேறியபின் கற்றாழை தடவுவதும் குளிர்ந்த நீரில் கழுவுவதும் எரிச்சலை ஆற்றலாமே தவிர, செல்லுக்குள் நடப்பதை நிறுத்தா. தடுப்பு என்பது வெயிலுக்கு முன்னால் மட்டுமே சாத்தியம்.

இந்த அளவுகோலில் பெட்டியின் வாக்குறுதியை வைத்துப் பார்த்தால், அது பாதி உண்மை. துத்தநாக ஆக்சைடு புற ஊதா-பி, புற ஊதா-ஏ இரண்டையும் பெருமளவு உறிஞ்சுகிறது. எஸ்பிஎஃப் 50 என்பது, சோதனைச் சாலையில் பூசிய அளவுக்கே பூசினால், தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 98 விழுக்காட்டைத் தடுக்கும். எஸ்பிஎஃப் 30-க்கு அது சுமார் 97 விழுக்காடு என்பதால், எண்ணை மட்டும் பார்த்து இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் பொருளில்லை. கதிர் வராவிட்டால் பிணைப்பும் இல்லை; அந்த வகையில் இது டிஎன்ஏவைக் காக்கிறது. ஆனால் வெயிலே படாத செல்லிலும் நீராலும் உடல் வெப்பத்தாலும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் டிஎன்ஏ சேதங்கள் உண்டாகி, சரிசெய்யப்பட்டுக்கொண்டே இருக்கின்றன என்று காட்டியவர் லிண்டால். அவற்றை எந்தக் களிம்பும் தொடாது. உண்டாகிவிட்ட பிணைப்பையும் இந்தக் களிம்பு பிரிக்காது. ஒளியின் உதவியோடே பிணைப்பை ஒரே அடியில் பிரித்துவிடும் ஃபோட்டோலயேஸ் என்ற நொதி பல மீன்களுக்கு இருக்கிறது. அவற்றைப் பிடித்து வருகிற நமக்கு இல்லை.

பெட்டியின் பக்கவாட்டில், வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நியாசினமைடு 'பழுது பார்க்கும்' என்றும் எழுதியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில், முன்பே தோல் புற்றுநோய் கண்டவர்களுக்கு அதை நாளுக்கு இருமுறை 500 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தபோது புதிய புற்றுநோய்கள் 23 விழுக்காடு குறைந்ததாக 2015-இல் முடிவு வெளியானது உண்மைதான். அது வெள்ளைத்தோல் நோயாளிகளுக்கு வாய்வழி கொடுத்த மாத்திரை. முகத்தில் பூசும் களிம்பின் சேர்மானத்துக்கு அதைச் சான்றாக நீட்டுவது சரியல்ல. அந்த வரிக்காக இதை யாரும் வாங்க வேண்டாம்.

நம் தோலுக்கு இது எவ்வளவு தேவை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருத்த தோலில் மெலனின் துகள்கள் செல்லுக்குள் உட்கருவின் மேற்புறமாகக் கூடிக் குடை விரித்து நிற்கின்றன. அதனால் அடி அடுக்கில் உள்ள, பிரிந்து பெருகும் செல்களின் டிஎன்ஏவுக்கு வெள்ளைத்தோலைவிட மிகக் குறைந்த சேதமே ஆகிறது. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடையே அரிதாக இருப்பதற்கு இது பெரிய காரணம். அன்றாடம் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாகக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வும் ஆஸ்திரேலியாவில் நடந்ததே. ஆகையால் 'பூசாவிட்டால் புற்றுநோய்' என்று நம் மக்களைப் பயமுறுத்தி விற்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் மேல் அடுக்குகளில் சேதம் ஆகத்தான் செய்கிறது. மங்கு படர்வதும் உதடு வெடிப்பதும் தோல் முன்கூட்டியே தடித்துச் சுருங்குவதும் இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு காணக்கூடியவை. வெண்புள்ளி உள்ளவர்களும் பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களும் இதைத் தவறாமல் பூச வேண்டும். அவர்களுக்கு அந்தக் குடை இல்லை. மங்கு உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், இந்த வெள்ளைக் களிம்பு அதைச் சரிவரத் தடுக்காது, இரும்பு ஆக்சைடு சேர்த்த, நிறமுள்ள வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

பூசிய அனுபவத்துக்கு வருகிறேன். களிம்பு கெட்டியாக இருக்கிறது. விரலில் எடுத்துக் கன்னத்தில் வைத்தால் உடனே பரவுவதில்லை, புள்ளி புள்ளியாக வைத்து அழுத்திப் பரப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் நிறத்தில் முதல் கால் மணி நேரம் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது. காதோரத்திலும் புருவத்திலும் வெள்ளை தங்குகிறது. வகுப்பறையில் நிற்கும் எனக்கு அது பொருட்டல்ல. மதினிக்குத் தொல்லை வேறு இடத்தில் வந்தது. நீர்க்கண்ணாடியின் ரப்பர் விளிம்பு களிம்பின்மேல் வழுக்கி, சரியாகப் பதியாமல், தண்ணீர் கசிந்து, களிம்பும் சேர்ந்து கண்ணுக்குள் போயிருக்கிறது. "ஏத்தா, கண்ணெல்லாம் எரியுது, இதப் பூசிக்கிட்டு முங்க முடியாது" என்று திரும்பி வந்தவரின் முகத்தில், கண்ணாடி அழுத்திய வட்டம் மட்டும் களிம்பின்றித் துடைத்ததுபோல் இருந்தது. எரிச்சலுக்கு ஆக்டினாக்சேட் காரணமாக இருக்கலாம்; துத்தநாகம் மட்டும் உள்ள வகைகள் பொதுவாகக் கண்ணை அவ்வளவு கரிப்பதில்லை. பிறகு கண்ணாடி பதியும் வளையத்தை விட்டுவிட்டு, பிடரி, காது, மூக்கு, புறங்கை என்று பூசியபோது அவருக்கு ஒத்துப்போனது.

80 நிமிடம் என்ற உறுதி குளத்தில் அமைதியாக நிற்பவருக்கானது போலும். கையுறை உரச, அலை அறைய, பாறையில் பாசியைக் கிள்ளும் வேலையில் புறங்கையில் பூசியது அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. பிடரியில் பூசியது நிற்கிறது. படகில் இருந்துகொண்டு ஈரக் கையோடு மறுபடி பூசுவது நடைமுறையில் யாராலும் ஆகாது.

அளவும் செலவும் இதைவிடப் பெரிய தடை. எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். மக்கள் பூசுவதோ பெரும்பாலும் அதில் பாதியோ கால்பங்கோ. உடல் முழுவதும் அந்த அளவில் பூச ஒருமுறைக்கு ஏறக்குறைய 30 கிராம் தேவைப்படும் என்பதால், இந்த டியூப் இரண்டு முறைக்குக் கூடப் போதாது. முகம், கழுத்து, பிடரி மட்டும் நாளுக்கு இருமுறை சரியாகப் பூசினாலே இரண்டு வாரத்தைத் தாண்டாது. பாசி விற்றுக் குடும்பம் நடத்துகிறவரிடம் மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் களிம்பு வாங்கச் சொல்வது எனக்கு மனம் ஒப்பாத அறிவுரை. எவ்வளவு பூச வேண்டும் என்று டியூப்பின் பின்புறம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், 'தாராளமாக' என்று எழுதிவிட்டு நிறுத்தியிருப்பதும் நியாயமல்ல. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆகும் என்று ஒரு சிறு படத்தோடு தமிழில் அச்சிட எவ்வளவு செலவாகிவிடும்?

உடம்புக்குத் துணியே சரி. பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து இறங்குவது இந்தக் கரையில் நெடுநாள் வழக்கம். அது எந்தக் களிம்பையும்விட நம்பகமானது, அலையில் கரைவதுமில்லை. ஆனால் பழைய, நைந்த, வெள்ளைப் பருத்திச் சட்டை நனைந்ததும் கதிரை வெகுவாக உள்ளே விடும். நெருக்கமாக நெய்த, அடர்நிறப் பாலியஸ்டர் சட்டை, காலர் தூக்கியபடி, கழுத்துப் பித்தான் போட்டபடி இருந்தால், களிம்பின் தேவை முகத்துக்கும் புறங்கைக்கும் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருங்கிய தேவைக்கு இந்த டியூப் தக்கதுதான். படகில் உட்கார்ந்து வலை இழுப்பவருக்கும், மண்டபத்திலும் தனுஷ்கோடியிலும் நாள் முழுக்க நின்று சங்கு, பாசிமணி விற்பவருக்கும், பனை ஏறுகிறவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முங்கி வேலை செய்கிறவருக்கு இந்தச் சேர்மானத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பவளத்துக்குக் கேடு என்ற கவலையால் கதிரை உறிஞ்சும் இன்னொரு வேதிப்பொருளான ஆக்சிபென்சோனோ, ஆக்டினாக்சேட்டோ உள்ள சன்ஸ்கிரீன்களின் விற்பனையைத் தடுக்க ஹவாய் 2018-இல் சட்டம் இயற்றி, 2021 முதல் நடைமுறைப்படுத்தியது. திறந்த கடலில் எவ்வளவு கேடு விளைகிறது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பவளங்களுக்கு முதல் எதிரி கடல் சூடாவதே என்பதிலும் ஐயமில்லை. என்றாலும் 21 தீவுகளோடு 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் கரையில் வாழ்கிற நாம், துத்தநாகம் மட்டுமே உள்ள வகை அதே விலைக்குக் கிடைக்கும்போது அதை விட்டு இதை எடுக்க வேண்டியதில்லை. மதினி பறித்து வரும் செம்பாசிகளில் பல, புற ஊதாவை உறிஞ்சும் அமினோ அமிலச் சேர்மங்களைத் தாங்களே உண்டாக்கித் தங்கள் டிஎன்ஏவைக் காத்துக்கொள்கின்றன. அவற்றைக் கொண்டு இங்கேயே ஒரு களிம்பு செய்யப்பட்டு மலிவாகக் கிடைக்குமானால், அதை முதலில் வாங்கிப் பூசுகிறவள் நானாக இருப்பேன்.

வாங்குகிறவர்கள் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்; படகின் பலகைக்கு அடியிலோ, வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியிலோ டியூப்பை வைக்காதீர்கள். சூட்டில் களிம்பு பிரிந்து, பிழியும்போது முதலில் எண்ணெயும் பின்னால் கட்டியுமாக வந்தால், அது தோலில் ஒரே சீராகப் படியாது. அப்படியான டியூப்பைக் குலுக்கிப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள்.